இந்த ஆண்டு வெளியே வரும் ஓவியர்களுக்கு

சென்னையிலும் கும்பகோணத்திலும் நுண்கலைக் கல்லூரிப் படிப்பை முடித்து வெளியே வரும் தம்பி தங்கைகளுக்கு, மாமல்லபுரத்தில் மரபு ஓவியம் பயின்றவர்களுக்கு, கல்லூரிப் பக்கமே போகாமல் போர்டு எழுதும் அண்ணன்களிடம் கையைப் பழக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு,



இறுதியாண்டுக் காட்சிக்கு வருகிற பெரியவர்கள் பாணி, தேடல், சமூகப் பார்வை என்று நிறையப் பேசுவார்கள். பேசட்டும். நான் படத்தின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காத நேரத்தில் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தையும் பார்க்கிற ஆள். அங்கே எண்ணெய் ஊறித் துணி மஞ்சளாகப் படர்ந்திருக்கும். சட்டத்தின் மூலை பிரிந்திருக்கும். பெயர் இருக்காது, ஆண்டு இருக்காது. கை எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் படம் இருபது வருஷம் தாங்குமா, வரைந்தவர் இருபது வருஷம் ஓவியராகத் தாங்குவாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அந்த இரண்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டுக்கும் வேண்டியது வேலைச் சுத்தம். திறமையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

துணியிலிருந்து ஆரம்பிக்கலாம். காடா துணி வாங்கி நீங்களே இழுத்துக் கட்டுவதில் தப்பே இல்லை. கடையில் விற்கும் மலிவான ரெடிமேட் கேன்வாஸைவிடப் பல சமயம் அதுதான் நல்லது. ஆனால் வெறும் துணியில் எண்ணெய் வண்ணம் நேராகப் படக் கூடாது. ஆளி விதை எண்ணெய் காயும்போது நூலை அரிக்கும். சில வருஷத்தில் துணி முறுகிப்போய், விரல் பட்டாலே கிழியும். அதனால்தான் முதலில் பசை, பிறகு பிரைமர். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு, காய்ந்ததும் நல்ல அக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் திசை மாற்றி. கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தைத் தொடுங்கள். சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பரை மிச்சம் பிடிப்பதற்காகப் பூசுகிறவர்களைப் பார்க்கிறேன். அது கையில் தேய்த்தாலே பொடியாக வருகிற சரக்கு. அதன்மேல் நீங்கள் வரைவது எதுவானாலும் அந்தப் பொடியின் ஆயுள்தான் அதற்கும்.

சட்டத்துக்கு மரம் வாங்கும்போது பச்சை மரம் கொடுத்துவிடுவார்கள். கடற்கரை ஊர் ஈரத்தில் அது ஒரு மழைக்காலத்துக்குள் முறுக்கிக்கொள்ளும். காய்ந்த மரமா என்று பார்த்து, துணியைத் தொடும் உள்விளிம்பைச் சாய்வாகச் சீவித் தரச் சொல்லுங்கள். சீவாவிட்டால் சட்டத்தின் கோடு படத்தின் முகத்தில் எழும்பி வரும். கரையானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் வண்ணத்தில் ஒரே ஒரு விதி இருக்கிறது. அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போக அதிகமாக. இதை ஆசிரியர் சொல்லியிருப்பார். ஏன் என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார். தண்ணீர் வண்ணம் தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. எண்ணெய் ஆவியாவதில்லை, காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே மாதக்கணக்கில் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். எண்ணெய் அதிகமுள்ள அடுக்கு அடியில் இருந்தால், மேல் அடுக்கு இறுகிய பிறகும் அது அசையும். மேலே இருப்பது வெடிக்கும். அதனால் முதல் அடுக்கில் டர்பன்டைன் விட்டு மெலிதாக, பிறகு டியூபில் வருகிற பதத்திலேயே, கடைசியில்தான் கொஞ்சம் எண்ணெய் சேர்த்து. நிறங்களும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. அம்பர் வகை மண் நிறங்களில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் இழுத்தடிக்கும். கறுப்பில் அடிப்படம் போட்டு மேலே வெளிச்சம் ஏற்றுகிற பழக்கம் உள்ளவர்கள் அந்த இடத்தில் அம்பருக்கு மாறிக்கொள்ளலாம்.

டர்பன்டைன் விலை ஏறிவிட்டதென்று மண்ணெண்ணெயும் பெயின்ட் கடைத் தின்னரும் புழங்குகிற பட்டறைகள் எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் பிசுக்கை விட்டுப் போகும், தின்னர் உங்கள் நுரையீரலை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, வீட்டில் வரைகிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டியது: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழி இல்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

வண்ணம் வாங்கும்போது டியூபின் முன்னால் இருக்கும் அழகான பெயரைப் பார்க்காதீர்கள். பின்னால் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.பி. 29 என்றால் அல்ட்ராமெரைன் நீலம், பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை. எந்த நிறுவனம் என்ன பெயர் வைத்தாலும் இந்த எண் மாறாது. பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்று போட்டிருந்தால், அந்தப் பெயருக்குரிய நிறமி உள்ளே இல்லை, அதன் சாயலில் வேறு எதையோ கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர். 83, வெளிச்சத்தில் வெளுக்கும். கல்யாணப் புடவைச் சிவப்புக்கு அதை நம்பி மெலிதாகப் பூசியவர்களின் படத்தில் புடவை மட்டும் காலப்போக்கில் சோகை பிடித்து நிற்கும். குவினாக்ரிடோன் வகைச் சிவப்புகள் அந்த வேலையைச் செய்யும், நிற்கும். துத்தநாக வெள்ளை எண்ணெயில் நாளாக ஆக உடையக்கூடியதாகிவிடுகிறது. மலிவான வெள்ளை டியூபுகள் பலவற்றில் அது கலந்திருக்கும். இருபத்துநான்கு நிறப் பெட்டி வாங்குகிற காசில் ஆறு நல்ல டியூப் வாங்குங்கள். அல்ட்ராமெரைன், பர்ன்ட் சியன்னா, எல்லோ ஆக்கர், ஒரு நல்ல சிவப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள், டைட்டானியம் வெள்ளை. நம் ஊர் மனிதர்களையும் மண்ணையும் வரைய இதற்குமேல் அதிகம் தேவைப்படாது.

நம் ஊர் மனிதர்கள் என்றதும் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கே வந்துவிட்டேன்.

ஐரோப்பியப் பாடப்புத்தகம் எல்லாமே ரோஜா நிறத் தோலுக்காக எழுதியது. 'ஃபிளெஷ் டின்ட்' என்று ஒரு டியூப் இன்றும் விற்கிறது. பிழிந்து உங்கள் முழங்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றவர்கள் கறுப்புத் தோலை என்ன செய்கிறார்கள் என்றால், அதே ரோஜாவில் பழுப்பைக் கலந்து இருட்டாக்குகிறார்கள், நிழலுக்குக் கறுப்பைப் போடுகிறார்கள், வெளிச்சத்துக்கு வெள்ளையைப் போடுகிறார்கள். முகம் சாம்பல் பூத்துப்போய், நோயாளி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணி. வெயில் நேராக அவர்மேல் விழவில்லை, தெருவிலிருந்து வானத்து வெளிச்சம் வருகிறது. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரம் எல்லாம் போய் மூன்று நான்கு திட்டுகள் மட்டும் நிற்கும். நடுத்தர டோன் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமெரைனும் கலந்தால் ஒரு ஆழமான பழுப்பு கிடைக்கும். சியன்னா கூடினால் சூடு, நீலம் கூடினால் குளிர்ச்சி. கொஞ்சம் ஆக்கர். வெள்ளை வேண்டாம், இன்னும் வேண்டாம். இந்த நடு டோனை முகம் முழுக்க வைத்துவிட்டு நிழலுக்குப் போங்கள். நிழலில் அதே இரண்டு நிறம்தான், மெலிதாக, அடித்துணி லேசாகத் தெரிகிற மாதிரி. கறுப்புத் தோலின் நிழல் ஆழமாகத் தெரிவது அது ஊடுருவிப் பார்க்க விடுவதால்தான். கெட்டியாகப் பூசினால் அந்த ஆழம் போய்விடும்.

இப்போது வெளிச்சம். கறுப்புத் தோல் வெளிச்சத்தைத் தன் நிறத்தில் காட்டுவதைவிட, வெளிச்சத்தின் நிறத்திலேயே திருப்பித் தரும். நெற்றி மேட்டிலும் மூக்குத்தண்டிலும் கன்னத்து எலும்பிலும் விழுவது வானத்து வெளிச்சம், ஆகவே அது நீலம் கலந்த சாம்பல். அதைத்தான் அங்கே வைக்க வேண்டும். அளவாக, ஒரே தட்டில், தேய்க்காமல். தாடைக்கு அடியில் பாருங்கள். திண்ணை சிவப்புக் காவி பூசியதாக இருந்தால் அந்தச் சிவப்பு அடியிலிருந்து ஏறித் தாடையைச் சூடாக்கும். மஞ்சள் புடவை என்றால் கழுத்து ஓரத்தில் மஞ்சள். மூக்குத்தியில் வைக்கிற ஒரு புள்ளிதான் படத்திலேயே மிகப் பிரகாசமான இடம். அதனால் தோலில் எங்கேயும் அந்த அளவுக்கு வெள்ளையை ஏற்றிவிடாதீர்கள். இவ்வளவும் வைத்த பிறகு கையை எடுத்துவிடுங்கள். வழவழவென்று தேய்த்துவிட்டால் அம்மா பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடுவார்.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓவியர் எஸ். இளையராஜா இதைத்தான் செய்தார். வாசல்படியிலும் சமையற்கட்டிலும் ஜன்னலோரத்திலும் நிற்கும் கறுத்த பெண்களின் மேல் விழுகிற வெளிச்சத்தை அவர் வரைந்தபோது, ஓவியக் காட்சிக்கே போகாத குடும்பங்கள் அந்தப் படங்களைப் பார்த்து "நம்ம வீடு மாதிரி இருக்கே" என்றன. 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. நாற்பது சொச்சம்தான் வயது. புகைப்படம் போல இருக்கிறது என்று மட்டும் சொல்லி அவரைப் பாராட்டியவர்களும் ஒதுக்கியவர்களும் அவருடைய நிழல்களைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. அவரை நகல் எடுக்கிறவர்கள் இன்று ஏராளம். புடவையை நகல் எடுக்கிறார்கள், விளக்கை நகல் எடுக்கிறார்கள், அந்த ஊடுருவும் நிழல் மட்டும் யாருக்கும் வருவதில்லை. உங்கள் தெருவில் போய் உட்காருங்கள். அவருடைய பெண்கள் அவருடைய ஊரில் இருக்கிறார்கள்.

அக்ரிலிக் பற்றிச் சுருக்கமாக. சித்திரை வெயிலில் தட்டிலேயே காய்ந்துபோகும். ஈரத்துணிமேல் பட்டர் பேப்பர் விரித்துத் தட்டாக்கிக்கொள்ளுங்கள். அக்ரிலிக்மேல் எண்ணெய் போகலாம், எண்ணெய்மேல் அக்ரிலிக் போகவே கூடாது, உரிந்துவிடும். வெயிலில் நிற்கும் பார்சல் வண்டிக்குள் அக்ரிலிக் படம் இளகும். பபிள் கவரை நேராகச் சுற்றி அனுப்பினால் டெல்லியில் பிரிக்கும்போது படம் முழுக்க வட்ட வட்டமாக அச்சு இருக்கும். முதலில் கிளாசின் தாள், பிறகு அட்டை, அதன்மேல் பபிள். தண்ணீர் வண்ணத்துக்குப் பருத்தித் தாள், 300 ஜி.எஸ்.எம். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் மவுன்ட் வையுங்கள்; தொட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை நிச்சயம்.

இனி வயிற்றுப்பாடு.

வேலைக்குப் போனால் கலை செத்துவிடும் என்று உங்களில் பலர் பயப்படுகிறீர்கள். நம்முடைய வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. எழும்பூர் நுண்கலைக் கல்லூரியை 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியதே கைத்தொழில் பயிற்றுவிக்கத்தான். 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் மாணவர்களைப் பார்த்துக் கவலைப்பட்டதும் உங்கள் வீட்டில் கவலைப்படுகிற அதே விஷயம்: படித்து முடித்து எப்படிப் பிழைப்பார்கள்? அதற்கு அவரும் மாணவர்களும் கண்ட வழி பாத்திக். துணியில் மெழுகு வைத்துச் சாயம் தோய்த்து விற்றார்கள், உலோக வேலை செய்தார்கள், விற்ற காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் வந்தது. பகலில் பாத்திக் துணி, மற்ற நேரம் தங்கள் ஓவியம். இந்தியாவிலேயே ஓவியர்கள் தாங்களே சம்பாதித்து, தாங்களே நிலம் வாங்கி, இத்தனை பத்தாண்டுகள் நடத்திக்காட்டிய இடம் அது. அதை நம் ஆட்களே ஞாயிற்றுக்கிழமை செல்ஃபி எடுக்கும் இடமாகத்தான் அறிந்திருக்கிறார்கள்.

கே.எம். ஆதிமூலம் சென்னை நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். அரசுச் சம்பளம், துணிக்கு டிசைன். அதே காலத்தில்தான் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள், சிற்றிதழ்களுக்குப் படங்கள், பின்னால் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் போட்ட கோடுகள். வடக்கே பிரபாகர் பர்வேயும் நெசவாளர் மையத்தில்தான் இருந்தார். எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்தார். தோட்டா தரணி சினிமாவுக்கு செட் போட்டார், 'நாயகன்' படத்துக்குத் தேசிய விருது வாங்கினார், ஓவியத்தையும் விடவில்லை. ஆகவே அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை கிடைத்தால் போங்கள், சினிமா ஆர்ட் டிபார்ட்மென்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வேலை வாரத்தில் எனக்குத் தெளிந்த தலையோடு சில மணி நேரத்தை மிச்சம் வைக்குமா? சினிமா சில மாதம் உங்களை முழுசாக விழுங்கும், பிறகு சில மாதம் சும்மா விடும். அந்தச் சும்மா மாதங்களுக்கான காசை முன்பே ஒதுக்கி வைத்தவர்கள்தான் வரைகிறார்கள். மற்றவர்கள் அடுத்த படத்துக்கு ஃபோன் வருமா என்று காத்திருக்கிறார்கள்.

பள்ளி ஓவிய ஆசிரியர் வேலையைப் பற்றிக் கசப்பு இல்லாமல் எழுத முடியவில்லை. 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். உங்கள் சீனியர்கள் பலர் போனார்கள். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அந்த வேலைக்குப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை, பிள்ளைகளுக்கு நல்ல ஓவிய ஆசிரியர் கிடைப்பது சின்ன விஷயமா? போகும்போதே உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.

எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் ஆட்களின் பரம்பரை வியாதி. பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதில் 17-ஆம் பிரிவைத் தமிழ்நாட்டில் ஓவியம் கற்றுத்தரும் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தந்து நான் கேட்டதில்லை. நீங்களாக வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை உங்களுடையது. ஆனால் ஒருவர் பணம் தருகிறேன் என்று சொல்லி வரையச் சொன்ன ஓவியமோ உருவப்படமோ என்றால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அவர். அவர் அதைக் காலண்டரில் போடலாம், டி-சட்டையில் போடலாம், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. தவிர்க்க வழி மிக எளிது. "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், வாங்குபவர் இந்தப் படத்தைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இதோடு தொடர்புடைய இன்னொன்றும் இருக்கிறது. 53ஏ பிரிவின்படி, உங்கள் படம் பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் ஒரு பங்கு கேட்கும் உரிமை உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். அந்த உரிமை முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்குத்தான். அந்த இரண்டு வரியில் கோட்டைவிட்டால் இதுவும் போய்விடும். பதிப்பகத்துக்கு அட்டைப்படம் போடுகிறவர்களுக்கு: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். "எல்லா உரிமைகளும் என்றென்றைக்கும்" என்று அச்சடித்த தாளை நீட்டினால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கேளுங்கள். கோபித்துக்கொள்வார்கள் என்று பயம் வேண்டாம். பலர் அந்த வரியைத் தாங்களே படித்ததில்லை.

விற்றுவிட்ட பிறகும் ஓவியருக்கு மிச்சமிருக்கும் உரிமை ஒன்று உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் கழற்றிக் குடோனில் போட்டுச் சிதைத்தார்கள். அரசு வாங்கிய சொத்து, அரசு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சேகல் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருப்பதை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது. இது அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு. படைப்பைச் சிதைத்துப் படைத்தவரின் பெயரைக் கெடுக்க வாங்கியவருக்கு உரிமை இல்லை. பள்ளிச் சுவர்களிலும் ரயில் நிலையத்திலும் சுவரோவியம் வரையப் போகிறவர்கள் இந்த வழக்கின் பெயரையாவது நினைவில் வைத்திருங்கள்.

விலையைப் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். அளவை வைத்து ஒரு விலை வகுத்துக்கொள்ளுங்கள், அதை எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள். கேலரி வழக்கமாக மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளும். கேலரியில் ஐம்பதாயிரம் என்று தொங்கும் படத்தை, வாங்க வந்தவர் ஃபோனில் பிடித்துக் கேட்டதும் இருபத்தைந்துக்குக் கொடுத்துவிட்டால், அந்த ஒரு படம் விற்கும். அந்தக் கேலரியும் அந்த வாடிக்கையாளரும் இனி உங்கள் எந்த விலையையும் நம்ப மாட்டார்கள். படத்தைக் கேலரியில் விடும்போது எத்தனை படம், என்ன அளவு, என்ன விலை, எத்தனை நாளைக்கு, விற்றால் எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். "நமக்குள்ள என்னப்பா பேப்பர்" என்று தோளில் கை போடுகிறவரிடம்தான் அவசியம் எழுதி வாங்க வேண்டும். உருவப்படத்துக்குப் பாதிப் பணம் முன்னால். தாத்தாவின் பழைய ஃபோட்டோ என்று கொடுப்பார்கள், வரையுங்கள். இணையத்தில் யாரோ எடுத்த ஃபோட்டோவை அப்படியே வரைந்து விற்பது மட்டும் வேண்டாம். எடுத்தவருக்கும் உங்களைப் போலவே உரிமை இருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு காட்சி வைக்கிற ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. "அகில உலக ஓவிய விழா, நுழைவுக் கட்டணம் இவ்வளவு, பங்கேற்கும் அனைவருக்கும் ஷீல்டு, சான்றிதழ், பொன்னாடை." என் மாணவி ஒருத்தி கம்மலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினாள். போய்ப் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் டைனிங் ஹால் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பங்கேற்றவர்களின் அப்பா அம்மா. அந்த ஷீல்டை எந்தத் தேர்வுக்குழுவும் திரும்பிப் பார்க்காது. அதே பணத்தில் அவள் ஒரு வருஷத்துக்கான வெள்ளை டியூப் வாங்கியிருக்கலாம்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பணிக்கரிடம் படித்த ஓவியர் டி.கே. பத்மினி 1969-இல் பிரசவத்தில் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் குறுகிய காலத்துக்குள் அவர் விட்டுப்போனது இன்றும் பேசப்படுகிறது. உங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்; பத்து வருஷம் கழித்து நான் காட்சிகளில் சந்திக்கும் பெயர்களில் அவர்கள் இருப்பதில்லை. இதற்குக் காரணம் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே, நகை எவ்வளவு என்று பேசுகிற அதே திண்ணையில், எனக்கு வரைய ஒரு அறையோ மொட்டைமாடி ஷெட்டோ வேண்டும் என்று பேசச் சொல்லுங்கள். வீட்டார் சொல்ல மாட்டார்கள் என்றால் நீங்களே சொல்லுங்கள். சமையலறையில் டர்பன்டைன் வைத்து வரையாதீர்கள். வயிற்றில் குழந்தை இருக்கும்போதும் கைக்குழந்தை தவழும்போதும் டர்பன்டைனும் காட்மியம் நிறங்களும் வேண்டாம். மை, தண்ணீர் வண்ணம், பென்சில் என்று மாறிக்கொள்ளலாம். சின்னத் தாளில் வரைவது ஒன்றும் தாழ்ந்த காரியம் இல்லை. இன்னொன்று, கையெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு படத்தில் பெயரை மாற்றாதீர்கள். அதுவரை வரைந்தது எல்லாம் வேறு யாருடையதோ ஆகிவிடும்.

அடுத்து எங்கே போவது என்பவர்களுக்கு. பரோடாவும் சாந்திநிகேதனும் மேற்படிப்புக்கு நல்ல இடங்கள். முக்கியமாக, அங்கே உங்கள் படத்தைப் பற்றி உங்கள் முகத்துக்கு நேரே சண்டை போடுவார்கள். இங்கே அது குறைவு. கொச்சி பியனாலே 2012-இல் தொடங்கியதிலிருந்து, ரயிலேறினால் ஓர் இரவில் உலக ஓவியம் பார்க்கக் கிடைக்கிறது. அதோடு மாணவர்களுக்கென்றே தனிக் காட்சியும் நடக்கிறது, கல்லூரிகளிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் கிராபிக்ஸ், செராமிக் பட்டறைகள் இருக்கின்றன. அச்சு எந்திரம் சொந்தமாக வாங்க முடியாதவர்கள் அங்கே போய் விசாரியுங்கள். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது. ஓவியத்துக்கும் உண்டு. வயது தாண்டிய பிறகு வந்து "தெரியாதே சார்" என்கிறவர்கள்தான் அதிகம்.

இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்கும்போது அனுப்பும் ஃபோட்டோக்களைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் உங்கள் அசல் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபோட்டோவைத்தான் பார்க்கிறார்கள். மொட்டைமாடி நிழலில், காலை வெளிச்சத்தில், படத்துக்கு நேராக நின்று எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். படத்தின் நான்கு ஓரமும் நேராக இருக்கட்டும்; பின்னால் துணிக்கொடியும் தண்ணீர் டேங்கும் வேண்டாம். இருபது படம் அனுப்பச் சொன்னால் உங்களிடம் நல்லது பன்னிரண்டுதான் இருக்கிறது என்றால் பன்னிரண்டு அனுப்புங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் உங்கள் பெயர், படத்தின் தலைப்பு, ஊடகம், அங்குலத்தில் அளவு, ஆண்டு. போன தடவை ஒரு தேர்வுக்கு வந்ததில் 'ஃபைனல் நியூ 2 ஒரிஜினல் லாஸ்ட்' என்று ஒரு கோப்பு இருந்தது. நல்ல படம். யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அதே படிக்கட்டில் இறங்கி வந்த ஓவியன் ஒருவன்